3389 போர்ட்டைத் திறந்துவிட்டுப் போகும் சர்வீஸ்காரரிடம் ஜாக்கிரதை

வீட்டிலிருந்தே அலுவலக டேலியைத் திறக்க வேண்டும் என்று கேட்ட ஒரு சிறிய கணக்கு அலுவலகத்துக்கு நடந்தது இது. வந்த சர்வீஸ்காரர் ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்க வைத்தார். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி, பயன்படுத்தும் கதவு எண் 3389. ரவுட்டரில் அந்த 3389 போர்ட்டை நேராக அலுவலகக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டார். கனெக்ட் ஆகவில்லை என்றதும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தார், என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) டிக்கையும் எடுத்தார். யூசர் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர், பாஸ்வேர்டு கடைப் பெயரோடு 123. அன்றே வேலை செய்தது, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் காலையில் டேலி டேட்டா முழுக்கப் பூட்டப்பட்டுக் கிடந்தது. பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் திறந்தது. பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில். அதுவும் போயிற்று.

இதை யாரும் குறிவைத்துச் செய்வதில்லை. இணையத்தில் 3389 திறந்திருக்கும் ஐபிகளை இயந்திரங்கள் இடைவிடாமல் தேடி, பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கின்றன. தர்மா, போபாஸ் வகை ரான்சம்வேர்கள் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள்) பெரும்பாலும் இந்த வழியாகவே நுழைந்தன. போர்ட்டை 3390 என்று மாற்றினால் தப்பலாம் என்பார்கள். தப்ப முடியாது, எல்லாப் போர்ட்டையும்தான் தேடுகிறார்கள். விண்டோஸ் 7 என்றால் இன்னும் மோசம். 2019-இல் வெளிவந்த புளூகீப் ஓட்டைக்கு அப்டேட் போடாத மெஷினில் பாஸ்வேர்டே தேவையில்லை.

இப்போதே விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் (கம்ப்யூட்டரில் நடந்தவற்றின் பதிவேடு) செக்யூரிட்டி லாகைத் திறந்து 4625 என்ற எண்ணை ஃபில்டர் செய்யுங்கள். தெரியாத பெயர்களில் தோல்வியடைந்த லாகின்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (சிலவற்றில் விர்ச்சுவல் சர்வர் என்றிருக்கும்), டிஎம்இசட் (ஒரு கம்ப்யூட்டரை முழுக்க இணையத்துக்குத் திறந்துவிடும் அமைப்பு) இரண்டையும் பார்த்து 3389-ஐ நீக்குங்கள். சர்வீஸ்காரர் தன் வசதிக்காக எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருள்) நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்றும் பாருங்கள். இது பலர் கவனிக்காத இடம்.

சரியான வழி விபிஎன்தான், அதாவது இணையத்துக்குள் உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமான தனிப் பாதை. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை வீடு, அலுவலகம் இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவி, அது தரும் 100-இல் தொடங்கும் ஐபிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் கனெக்ட் செய்தால் போதும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், ஸ்டேடிக் ஐபிக்கும் காசு கட்ட வேண்டாம். அலுவலக மெஷினில் விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் எடிஷன் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. அதை 'அன்லாக்' செய்து தருவதாகச் சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அட்மின் உரிமை இல்லாத தனி யூசர், நீளமான பாஸ்வேர்டு, என்எல்ஏ ஆன். பேக்கப் எடுத்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், செருகியே இருந்தால் அதுவும் பூட்டப்படும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணையுங்கள். சர்வீஸ்காரர் சொன்னார் என்று உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள். பூட்டிய ஃபைல்களையும் மிரட்டல் குறிப்பையும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்து, நோ மோர் ரான்சம் தளத்தில் திறவுகோல் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா வகைக்கும் கிடைக்காது, சிலவற்றுக்கு உண்டு. சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணை அழையுங்கள்.