பைத்தானில் வகைக்குறிப்புகள்: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரு மாறியிலோ செயற்கூற்றிலோ (function) வரும் மதிப்பு முழு எண்ணா, எழுத்துச்சரமா (string) என்பதுபோல் நிரலிலேயே எழுதிவைக்கும் வகைக்குறிப்பு (type hint) ஏதுமின்றிப் பல ஆண்டுகள் பைத்தானில் நிரல் எழுதிவந்த நான், ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பராமரிக்கும் ஒரு பெரிய நிரல்தொகுப்பில் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன். 2015-இல் வெளியான 3.5 பதிப்பிலேயே இவ்வசதி முறைப்படி வந்துவிட்டது. ஆனால் பட்டியலின் உறுப்பு வகையைத் தனி இறக்குமதியின்றி எழுத 3.9 பதிப்பும், 'இதுவோ அதுவோ' என்பதை ஒற்றைச் செங்குத்துக் கோட்டால் குறிக்க 3.10 பதிப்பும் வர வேண்டியிருந்தது.

நிரலை இயக்காமலே இக்குறிப்புகளைச் சரிபார்க்கும் மைபை (mypy) என்ற கருவி, முதல் வாரம் ஒரு பிழையையும் காட்டவில்லை. குறிப்பு இல்லாத செயற்கூறுகளின் உட்பகுதியை அது இயல்பாகச் சோதிப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. குறிப்புகள் சேரச் சேரத்தான் பிழைகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை, மதிப்பு ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' (None) தொடர்பானவை. பதிவு கிடைத்தால் பதிவையும், கிடைக்காவிட்டால் 'நன்' என்பதையும் திருப்பித்தரும் தேடல் செயற்கூறு ஒன்றைப் பதினான்கு இடங்களில் அழைத்திருந்தோம். அவற்றுள் மூன்று இடங்களில், வந்தது 'நன்' தானா என்ற சோதனையே இல்லை. எங்கள் சோதனைகள் யாவும் ஏற்கெனவே உள்ள பதிவுகளையே தேடியதால், அந்த ஓட்டை நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்தது. இந்த ஒரு பயனுக்காகவே செயற்கூறுகளின் தலைப்பில், குறிப்பாகத் திருப்பித்தரும் மதிப்புக்கு, வகை எழுதுவதை எவருக்கும் வலியுறுத்துவேன். பின்னர் அடையாள எண்களை எழுத்துச்சரமாக மாற்ற நேர்ந்தபோது, திருத்த வேண்டிய இடங்களை மைபை வரிசையாகக் காட்டியது. முன்பெல்லாம் அது நாள்கணக்கில் தேடும் வேலை.

எனினும், குறிப்பு என்பது காவல் அன்று. வெளியிலிருந்து ஜேசான் (JSON) என்ற தரவுப் பரிமாற்ற வடிவில் வந்த ஓர் அளவை முழு எண் என்று குறித்திருந்தேன்; வந்ததோ "12" என்ற எழுத்துச்சரம். அதை மூன்றால் பெருக்கியபோது 36-க்குப் பதிலாக "121212" கிடைத்தது. ஜேசானைப் படிக்கும் செயற்கூறு, எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள்படும் 'எனி' (Any) வகையைத் திருப்பித்தருவதால் மைபை எதிர்ப்புச் சொல்லவில்லை. நிரல் இயங்கும்போது பைத்தான் இக்குறிப்புகளைச் சரிபார்ப்பதும் இல்லை. குறிப்பை நம்பி மதிப்பைச் சோதிக்காமல் விட்டதே என் தவறு. அன்றுமுதல் வெளித்தரவு நுழையும் இடத்தில் பைடான்டிக் (Pydantic) என்ற தரவுச் சரிபார்ப்பு நிரலகம் கொண்டு மதிப்புகளைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுகிறேன்.

செயற்கூற்றின் உள்ளே இருக்கும் மாறிகளுக்கு நான் வகை எழுதுவதில்லை. பெரும்பாலும் மைபை அதைத் தானே ஊகித்துக்கொள்கிறது. தரவின் வடிவமே தெரியாமல் துழாவிப் பார்க்கும் சிறு நிரல்களுக்கும் எழுதுவதில்லை, ஏனெனில் காலையில் எழுதிய வகை மாலைக்குள் பொய்யாகிவிடும். அத்தகைய நிரலை வேறொரு கோப்பு இறக்குமதி செய்யத் தொடங்கும் நாளில்தான் அதற்குக் குறிப்பு சேர்க்கிறேன்.