வேலைவாய்ப்பு ஆபீஸ் பேரைச் சொல்லி 18,000 ரூபாய்: கும்பகோணம் பக்கத்து ஆட்கள் கவனம்

ஆத்திரம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். கடைப் பேர் போடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கிற ஆன்லைன் சேவைக் கடை, போர்டில் 'வேலைவாய்ப்பு ஆலோசனை' என்றும் எழுதியிருக்கும். அந்த ரகம்.

என் தம்பி பிளஸ் டூ. வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து ஐந்து வருஷம் தாண்டியதால் அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குகிறான், மாதம் 400. அதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே இந்தக் கடைக்காரர்தான். வருமானச் சான்றுக்கு என்ன வேண்டும், எந்த இடத்தில் வருவாய் ஆய்வாளர் கையெழுத்து என்று பொறுமையாகச் சொல்லித் தந்தவர். பணமும் ஒழுங்காக வங்கிக்கு வந்தது. அப்படிப்பட்டவர் தம்பியின் பதிவு எண்ணைத் திரையில் காட்டி, "உன் சீனியாரிட்டிக்கு இந்த ஜென்மத்தில் இன்டர்வியூ கார்டு வராது தம்பி. தஞ்சாவூர் ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கு, லிஸ்ட்டில் மேலே ஏத்திடலாம். தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை" என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? டீ வேறு வரவழைத்தார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசு, 18,000. கொடுத்த ரசீதில் 'பதிவுச் சேவை' என்று மட்டும் இருந்தது. கடைப் பேரும் இல்லை, முத்திரையும் இல்லை.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. ஆபீசர் லீவு. ஃபைல் கலெக்டர் ஆபீஸில். புது ஆபீசர் வரட்டும். கடைசியில், "மேட்டூர் திறக்கட்டும்மா, எல்லாம் சரியாகிடும்." மேட்டூருக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம்!

தஞ்சாவூருக்கே போய் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் கேட்டோம். அப்படி ஒரு வேலைக்கு ஆள் கேட்டே வரவில்லையாம். பட்டியல் பதிவு மூப்புப்படிதான் போகும், வெளியாள் யாரும் பேரை ஏற்ற முடியாது, இங்கே எதற்கும் கட்டணம் கிடையாது என்றார்கள். திரும்பி வந்து கேட்டால் கடைக்காரர், "நான் வேலை தர்றேன்னு எழுதிக் கொடுத்தேனா?" என்கிறார். தம்பியின் அசல் மார்க் ஷீட்டைச் சண்டை போட்டுத்தான் வாங்கினோம். 18,000 வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதவித்தொகையை மூன்று வருஷம் முழுக்க வாங்கினாலும் 14,400தான். அதற்கு மேல் ஒரே மத்தியானத்தில் பிடுங்கிக்கொண்டார்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பதிவு, புதுப்பித்தல் எல்லாம் இலவசம், போனிலேயே செய்யலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். தனியார் வேலை முகாமும் அந்த மையத்திலேயே நடக்கிறது, நேரே போங்கள். அசல் சான்றிதழை எவரிடமும் விடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) வாங்கியிருக்கிறோம். இதே கடையில் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் போய் எழுதிக் கொடுங்கள்.