பால்காளானுக்கு மேல்மண்: மொட்டைமாடி அறையில் மூன்று வருட அனுபவம்

சிப்பிக்காளான் மட்டும் வளர்ப்பவர்களுக்கு மேல்மண் என்கிற தொல்லையே கிடையாது. வைக்கோலில் வித்து போட்டு, பையில் நாலு துளை போட்டால் பக்கவாட்டில் பூத்துவிடும். பால்காளான் அப்படி இல்லை. வைக்கோல் முழுக்க வெள்ளை வெளேரென்று காளானின் பூசணம் (வித்திலிருந்து படரும் வெள்ளை நூலிழை) படர்ந்த பிறகும், பையை இரண்டாக வெட்டி மேலே மேல்மண் என்கிற ஒரு போர்வை போர்த்தினால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். அந்தப் போர்வைக்கு எதைப் போடுவது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வருடம் ஆனது.

எங்கள் வீடு பெங்களூரு ராமமூர்த்தி நகரில். மாடியில் தகரக் கூரை போட்ட சின்ன ஸ்டோர் ரூம்தான் காளான் அறை. வித்துக்கு ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, ஞாயிற்றுக்கிழமை போயும் பிரயோஜனம் இல்லை, லீவு போட வேண்டும். அதனால் ஒரு படுக்கை, அதாவது வித்து போட்ட ஒரு வைக்கோல் பை, வீணானால் எனக்கு ஒரு நாள் லீவும் சேர்ந்து வீண்.

முதலில் போட்டது செம்மண். பெங்களூருவில் எந்தத் தெருவிலும் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்துச் சந்தில் கேட்டதும் ஒரு சாக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சலித்து, இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவி காட்டினேன். “இனிமே அந்தப் பானையில இட்லி ஊத்தினா நான் சாப்பிட மாட்டேன்” என்று அத்தை சொல்லிவிட்டார். பானை அன்றைக்கு மாடி ஏறியதுதான், இறங்கவே இல்லை. சரி, மண் எப்படி வேலை செய்தது? மூன்று நாள் தண்ணீர் தெளித்ததும் மேலே மெழுகிய திண்ணை மாதிரி இறுகிவிட்டது. தெளித்த தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தில் வழிந்தது. வெடிப்பு விட்ட இடத்தில் மட்டும் மொட்டு வந்தது. வந்த காளானின் அடித்தண்டில் மண் அப்பியிருக்கும். கழுவினால் காளான் தண்ணீரைக் குடித்து, வாணலியில் வதங்காமல் வேகும்.

அடுத்து மண்புழு உரம். இது முழுக்க என் தப்பான கணக்கு. சத்து இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். காளானுக்குச் சாப்பாடு கீழே வைக்கோலில் இருக்கிறது. மேல்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, காற்று போகவும் வழி விட வேண்டும், அவ்வளவுதான். அதில் சத்து இருந்தால் காளானுக்கு முன்னால் மற்ற பூஞ்சைகள் பந்திக்கு உட்கார்ந்துவிடும். நர்சரியில் வாங்கிய அந்த உரம் சரியாக மக்கவும் இல்லை, நான் அதை ஆவி காட்டவும் இல்லை. ஐந்தாம் நாள் பச்சைப் பூஞ்சை, அப்புறம் பொடிப்பொடியாக ஈ. நாலு அரைப்படுக்கையைத் தூக்கிப் போட்டேன்.

பிறகுதான் தென்னை நார்க்கழிவு. கடையில் கோகோபீட் கட்டி என்று கேட்டால் கிடைக்கும். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய முக்கால் பக்கெட் வரும். முதல் தடவை ஊறவைத்து, பிழிந்து, அப்படியே பரப்பிவிட்டேன். பத்து நாள் ஆகியும் பூசணம் மேலே ஏறவில்லை. ஓரத்தைக் கிளறிப் பார்த்தால், வைக்கோலுக்கும் நாருக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் வீட்டு ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற வந்த தம்பி. அவர் பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற கருவி, இருந்தது. நார்க்கழிவைப் பிழிந்த காப்பி நிறத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, “இதுலயும் விட்டுப் பாருங்க தம்பி” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டார். 1,400-ஐத் தாண்டியது. எங்கள் குழாய்த் தண்ணீரே 250தான். தேங்காய் நாரில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. உப்புநீரில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் இன்னும் கூடும். அன்றிலிருந்து மூன்று தண்ணீர் விட்டு அலசுகிறேன், அரிசி களைகிற மாதிரி. கடைசித் தண்ணீர் 350-க்குள் வந்தால் போதும் என்பது என் கணக்கு. அந்த மீட்டர் ஒன்றை நானும் வாங்கிக்கொண்டேன்.

வெறும் நாரிலும் ஒரு குறை உண்டு. பால்காளான் தண்டு கனமானது. லேசான நார் அதைத் தாங்காமல் கொத்தோடு சாய்ந்தது. அதனால் மூன்று பங்கு அலசிய நார், ஒரு பங்கு சலித்த செம்மண் என்று கலக்கிறேன். கழித்துக்கட்டிய செம்மண் இப்படித் திரும்பி வந்தது. கலவையைப் பானையில் ஒரு மணி நேரம் ஆவி காட்டி, ஆறிய பிறகு கால்சியம் கார்பனேட் தூள் சேர்த்து, லிட்மஸ் மாதிரி இருக்கிற, புளிப்பா காரமா என்று காட்டும் பி.ஹெச். தாளில் 7.5-லிருந்து 8-க்குள் வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவை தூள் தீர்ந்துபோய், வெள்ளையடிக்க வைத்திருந்த நீற்றுச் சுண்ணாம்பைப் போட்டேன். இரண்டும் ஒன்றல்ல. நீற்றுச் சுண்ணாம்பு சட்டென்று 12 வரைக்கும் ஏற்றிவிடும். அந்தக் கலவை நேராகக் குப்பைக்குப் போனது.

ஈரப் பதத்துக்கு மீட்டர் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் இடுக்கில் இரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக்கூடாது. பரப்பும் கனம் ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவு, சுமார் 2 சென்டிமீட்டர். அழுத்தவே கூடாது. மேடு பள்ளமாக இருந்தால் இருக்கட்டும், மொட்டு அந்தப் பள்ளங்களில்தான் முதலில் எட்டிப் பார்க்கும். இப்படிப் போட்ட படுக்கையில் எட்டு பத்து நாளில் மொட்டு, அடுத்த ஒரு வாரத்தில் அறுப்பு. வெளிநாட்டு பீட் மாஸும் (சதுப்பு நிலத்துப் பாசி மக்கியது) ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். புளிப்பு அதிகம், சுண்ணாம்பு நிறையக் கேட்கும், விலையோ கேட்கவே வேண்டாம். விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் முதல் டிசம்பரில் ஒரு மொட்டுகூட வரவில்லை. மேல்மண்ணைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பால்காளான் 30 முதல் 35 டிகிரி கேட்கிற வெயில் காளான். ஏ.பி.கே.2 என்கிற பால்காளான் ரகத்தை 1998-இல் வெளியிட்டதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். இங்கே பெங்களூருவிலோ மார்கழி ராத்திரியில் 15 டிகிரிக்கு இறங்குகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இப்போது சிப்பிக்காளான்தான். மார்ச்சில் தகரம் காய ஆரம்பித்ததும் மறுபடி பால்காளான்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. பை ஓரத்தில் மேல்மண் காய்ந்து, சுருங்கி, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விலகிவிடுகிறது. மொட்டு அந்தச் சந்தில் புகுந்து, பிளாஸ்டிக்கில் முட்டிக் கோணலாக வளர்கிறது. இந்த மாதம் ஓரத்தில் மட்டும் செம்மண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறேன். மூன்று படுக்கையில் இரண்டில் விலகல் நின்றிருக்கிறது. மூன்றாவது, நான் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை தண்ணீர் தெளித்த படுக்கை. அவருக்குக் கை தாராளம்.