பக்கவாதத்துக்குப் பிறகு விரல் திறக்க: பந்தா, கண்ணாடியா, கரன்டா, உறையா?

ஸ்ட்ரோக் வந்து வீடு திரும்பியவர் கைக்கு முதலில் வந்து சேர்வது ரப்பர் பந்துதான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அமுக்கிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பலருக்கு இது வேண்டாத வேலை. விரலை மடக்கும் தசைகள் ஏற்கெனவே இறுகிக் கிடக்கின்றன. விரிக்கும் தசைகளுக்குத்தான் மூளையிலிருந்து கட்டளை சரியாகப் போவதில்லை. இறுகிய பக்கத்துக்கே பந்து மேலும் வேலை கொடுக்கிறது. கையைத் தாராளமாக விரிக்க முடிந்து, பிடிமானம் மட்டும் குறைந்தவருக்கு அது சரி.

வேலூர்ப் பக்கம் "ஆபரேஷன் பண்ணி நிமிர்த்த முடியாதா?" என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. தொழுநோயில் மடங்கிய விரல்களை, தசைநாணை இடம் மாற்றி டாக்டர் பால் பிராண்ட் நிமிர்த்தியது இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான், 1940களின் கடைசியில். அந்த நோயில் கெட்டது கையின் நரம்பு. பக்கவாதத்தில் கை நரம்பு நன்றாகவே இருக்கிறது, பழுது மூளையில். அதனால் பயிற்சிதான் முதல் வழி.

எந்தப் பயிற்சி என்பதை இப்படிப் பார்க்கலாம். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். தூக்கச் சொன்னால் மணிக்கட்டு 20 டிகிரியாவது, விரல்கள் 10 டிகிரியாவது மேலே வருகின்றனவா?

வந்தால் உறைதான் எங்கள் முதல் தேர்வு. நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிட்டு, வராத கையையே வேலை வாங்குவது. முழு முறையில் தினம் 6 மணி நேரம், 2 வாரம்; விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை கழலாது. வீட்டில் இது நடக்காது. வாரத்துக்கு 3 நாள் அரை மணி நேரப் பயிற்சி, வேலை அதிகமுள்ள 5 மணி நேரத்துக்கு மட்டும் உறை, இப்படியே 10 வாரம் என்ற இலகுவான முறை போதும். தட்டில் தோலோடு மல்லாட்டை (வேர்க்கடலை) கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். எடுப்பதைவிட விடுவதுதான் கடினம். அகலமான கிண்ணத்தில் தொடங்கி டம்ளருக்கு வாருங்கள், பிறகு உரித்த பருப்பு. தோளைத் தூக்கியோ உடம்பைச் சாய்த்தோ எட்டினால் கை எதையும் கற்காது. தட்டை நெஞ்சுக்குப் பக்கத்தில் இழுங்கள், தேவைப்பட்டால் துண்டால் உடம்பை நாற்காலி முதுகோடு கட்டுங்கள். நடக்கும்போதும் படி ஏறும்போதும் உறை கூடாது. விழப் போனால் பிடிக்க நல்ல கை வேண்டும்.

விரல் அசையவே இல்லையென்றால் கண்ணாடி. கை இழந்தவர்களின் வலிக்காக 1990களில் வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை இது. நெஞ்சுக்கு நேர் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை மெதுவாகத் திறந்து மூடுங்கள். பிம்பத்தை மட்டும் பார்க்க வேண்டும். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றாவிட்டால் பிம்பம் தன் கையாகத் தெரியாது. தினம் அரை மணி நேரம், குறைந்தது 4 வாரம். செலவு மிகக் குறைவு, அவசரக்காரருக்கு அலுத்துவிடும்.

கரன்ட் என்பது தோலில் ஒட்டும் பேட் வழியாக லேசான மின்சாரம் கொடுத்து, விரிக்கும் தசையை இயக்கும் மிஷின். உறை, கண்ணாடி இரண்டுக்கும் இது துணை. முன்கையின் மேற்புறத்தில் முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு பேட், நடு முன்கையில் ஒன்று. மணிக்கட்டு பெருவிரல் பக்கமே சாய்ந்து விரல் திறக்கவில்லையா? பேட்களைச் சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். கரன்ட் வரும் ஒவ்வொரு முறையும் அவரும் திறக்க முயல வேண்டும். டிவி பார்த்தபடி உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. வேலூர் வெயிலில் வியர்த்துப் பேட் ஓரம் கிளம்பும், ஒட்டிய இடம் மட்டும் சுரீரென்று குத்தும். தோலைத் துடைத்து உலர்த்தி ஒட்டுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் குத்துவதே தெரியாது, ஒவ்வொரு முறையும் தோலைப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கூடாது. வலிப்பு வந்தவர் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. மிஷினை வாங்கும் முன் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவிடம் பேட் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் உள்ளங்கையில் புதைந்து, நகம் குத்துமளவு இறுகியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உடனே பலிக்காது. விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை முன்பக்கம் மடக்கினால் விரல் தானே தளரும், அப்போது விரித்து, பிறகு மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். அதற்கும் அசையாதவருக்கு, இறுகிய தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. அதன் தளர்ச்சி சுமார் 3 மாதம் நிற்கும். பயிற்சி நாட்களை முன்பே பிசியோவிடம் பேசி வைத்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.