எல்ம் மொழிக்கு ஒரு தொடக்கநிலைப் புத்தகம்: பதிப்பகமா, மின்னூலா, இணையமா?

எல்ம் மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினேன். எழுதுவதைவிட, அதை எந்த வடிவில் வெளியிடுவது என்று முடிவெடுக்கத்தான் அதிகம் அலைந்தேன். பதிப்பகத்திடம் கொடுக்கலாம், நானே மின்னூலாக விற்கலாம், இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கலாம். மூன்றிலும் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் இணையப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்ம் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வலைப்பக்கங்களின் பயனர் பகுதியை எழுதுவதற்கான ஃபங்ஷனல் மொழி (நிரலை ஃபங்ஷன்களாகவே அமைக்கும் வகை) அது. ஈவன் சாப்ளிக்கி 2012இல் வெளியிட்டார். நாம் எழுதுவதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். தவறு செய்தால் எங்கே, ஏன் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லும் கம்பைலருக்கு (அந்த மாற்றத்தைச் செய்யும் கருவி) பேர் போனது. பயன்படுத்துபவர்கள் குறைவு. அந்தக் குறைவுதான் கீழே வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எல்லோரும் சொல்லும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதிப்பகம் என்றால் எடிட்டர் கிடைப்பார், பிழை திருத்துபவர் கிடைப்பார், புத்தகத்துக்கு ஒரு மதிப்பு வரும். மின்னூல் என்றால் வரும் பணத்தில் பெரும்பங்கு நமக்கு. இணையப் புத்தகம் என்றால் பணம் கிடையாது, ஆனால் யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். இவை எல்லாமே உண்மைதான். ஆனால் என் முடிவு இவற்றை வைத்து அமையவில்லை.

அதை அமைத்தது ஒரு வாசகரின் கடிதம். புத்தகத்தின் முதல் வடிவத்தை எல்மின் 0.18 வெர்ஷன் காலத்தில் எழுதி, பிடிஎஃப் கோப்பாக விற்றேன். 2018 ஆகஸ்டில் 0.19 வந்தது. சில வாரங்கள் கழித்து அந்தக் கடிதம்: "மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். டுஸ்ட்ரிங் என்று ஒன்றே இல்லை என்கிறது. இரண்டு நாளாக எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை."

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என் புத்தகத்தில் இருந்தது. 'கூட்டு', 'குறை' என்று இரண்டு பொத்தான்களும் நடுவில் ஓர் எண்ணும் உள்ள சின்ன நிரல் அது. எல்ம் கற்பவர்கள் எல்லோரும் முதலில் எழுதுவது. 0.18இல் அதை ஹெச்டிஎம்எல்.பிகினர்புரோகிராம் என்று தொடங்க வேண்டும், 0.19இல் பிரவுசர்.சாண்ட்பாக்ஸ். உள்ளே 'மாடல்' என்று எழுதிய இடத்தில் 'இனிட்' என்று எழுத வேண்டும். எண்ணை எழுத்தாக மாற்ற டுஸ்ட்ரிங் என்று எழுதிக்கொண்டிருந்தோம், இப்போது ஸ்ட்ரிங்.ஃப்ரம்இன்ட். எல்ம்-மேக் என்ற தனிக் கட்டளை போய், எல்ம் என்ற ஒரே கட்டளைக்குள் மேக் என்பது ஒரு பகுதியாகிவிட்டது. நிரலுக்குத் தேவையான தொகுப்புகளின் (மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்) பட்டியல் இருந்த எல்ம்-பேக்கேஜ்.ஜேசன் கோப்பும் எல்ம்.ஜேசன் ஆகிவிட்டது. இருபது வரி நிரலில் இத்தனை மாற்றம்.

அனுபவம் உள்ளவர் இதைப் பார்த்தால் 'ஓ, பழைய வெர்ஷனா' என்று ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சந்தேகமே வராது. புத்தகம் சரி, தான்தான் தவறு என்று நினைப்பார். புழக்கத்தில் உள்ள மொழியாக இருந்தால் பிழைச்செய்தியை அப்படியே தேடலில் போட்டாலே பத்து பதில்கள் வந்து விழும். சிறிய மொழியில் தேடினால் வருவதும் அதே பழைய வெர்ஷனுக்கு எழுதப்பட்ட பதில்கள்தான். அந்த மனிதருக்குக் கையில் இருப்பது நம் புத்தகம் மட்டும்.

அந்தக் கடிதத்துக்கு அப்புறம் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். ஒரு வரி உடைந்தால் அதை யார் சரிசெய்வார்கள், சரிசெய்தது வாசகர் கைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும்?

பதிப்பகத்தோடு ஒரு முழுப் புத்தகத்தை முடித்த அனுபவம் எனக்கு இல்லை. இரண்டு மாதிரி அத்தியாயங்கள் வரைதான் போனேன். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அத்தியாயங்களுக்குக் கிடைத்த எடிட்டிங் அருமை. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதைக் குறிக்கும் 'மேபி' என்ற வகையை நான் நேரடியாக விளக்கத் தொடங்கியிருந்தேன். "மதிப்பு இல்லாமல் போனால் என்ன உடையும் என்று முதலில் காட்டுங்கள், பெயரை அப்புறம் சொல்லுங்கள்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வந்தது. அந்த அத்தியாயம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. தனியாக எழுதியிருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

ஆனால் திருத்தங்கள் பற்றிக் கேட்டபோது பதில் இப்படி வந்தது: பிழைத்திருத்தப் பக்கம் ஒன்று இருக்கும், அடுத்த அச்சில் சேர்ப்போம், புதிய பதிப்பு விற்பனையைப் பொறுத்தது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான பதில். சிறிய மொழிக்கு அதுவே முட்டுச்சந்து. மொழி சிறியது, அதனால் விற்பனை குறைவு. விற்பனை குறைவு, அதனால் இரண்டாம் பதிப்பு வராது. பழைய புத்தகமே சந்தையில் கிடக்கும், அதை வாங்கிப் படிப்பவர் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுவார், மொழி மேலும் சிறுக்கும்.

எல்மின் தேதிகளைப் பார்த்தால் இது புரியும். 0.17 வந்தது 2016 மே மாதம். அதுவரை மொழியின் அடிப்படையாக இருந்த 'சிக்னல்' (நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு) என்ற கருத்தையே அது எடுத்துவிட்டது. சிக்னலை மையமாக வைத்து எழுதிய எதையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, திரும்ப எழுதத்தான் வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் 0.18. ஒன்றிலிருந்து ஐந்து வரை என்று இரண்டு புள்ளி வைத்து எழுதும் வசதி அதில் போய், லிஸ்ட்.ரேஞ்ச் என்று எழுத வேண்டியதாயிற்று. அப்புறம் 2018இல் 0.19. புத்தகத்தை எழுதி, சரிபார்த்து, அச்சில் கொண்டுவர ஓர் ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 2016இல் தொடங்கியவரின் கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போவதற்குள் பழசாகியிருக்கும்.

சரி, 2019 அக்டோபரில் 0.19.1 வந்தபிறகு மொழி பல ஆண்டுகள் அப்படியே நின்றதே, இப்போது அச்சடித்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்தேன். மொழி நின்றாலும் அதைச் சுற்றியிருப்பவை நிற்பதில்லை. என் முதல் அத்தியாயம் ஆட்டம் என்ற, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளை நிறுவச் சொன்னது; 2022 டிசம்பரில் கிட்ஹப் அந்த எடிட்டரையே நிறுத்திவிட்டது. அதற்கும் முன்பு, 0.19 வந்த சில மாதங்களிலேயே, இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் எச்டிடிபி தொகுப்பு 2.0 ஆனது. முதலில் ஒரு வேண்டுகோளை உருவாக்கி, பிறகு எச்டிடிபி.செண்ட் மூலம் அனுப்புவது என்ற முறை போய், முகவரியையும் எதிர்பார்க்கும் பதிலின் வகையையும் ஒன்றாகக் கொடுக்கும் முறை வந்தது. மொழியின் வெர்ஷன் எண் மாறவில்லை, என் ஒன்பதாம் அத்தியாயம் போய்விட்டது.

மின்னூல் இதற்குப் பாதி மருந்து. லீன்பப் போன்ற தளத்தில் எழுத எழுத வெளியிடலாம், வாங்கியவர்களுக்குப் புதிய வடிவங்களை இலவசமாகக் கொடுக்கலாம். அன்று மாலையே திருத்தி அன்று இரவே வெளியிட்டிருக்கிறேன். பணமும் மூன்று வழிகளில் இதில்தான் எனக்கு உருப்படியாக வந்தது. இன்னொரு நன்மையும் உண்டு: ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்ற எண்ணம் நம்மை வேலை செய்ய வைக்கும். அந்த உந்துதல் இலவசப் புத்தகத்தில் இல்லை.

மீதிப் பாதி என்ன ஆனது என்றால், டுஸ்ட்ரிங் சிக்கலைத் திருத்தி வெளியிட்டு மூன்று மாதம் கழித்து அதே கேள்வியோடு இன்னொருவர் எழுதினார். காசு கொடுத்து வாங்கியவர், புதிய வடிவம் வந்த மின்னஞ்சலும் அவருக்குப் போயிருக்கிறது. ஆனால் அவர் திறந்து படித்துக்கொண்டிருந்தது முதல் நாள் இறக்கிவைத்த கோப்பு. அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கிய புத்தகத்தைத் திரும்பவும் இறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் சரிசெய்தது என் பக்கத்தில் மட்டும் சரியாக இருந்தது.

இணையப் புத்தகத்தில் பழைய பிரதி என்பதே இல்லை. இன்று காலை திருத்தினால் இன்று மதியம் படிப்பவர் திருத்தியதைத்தான் படிக்கிறார். இது ஒன்றுக்காகவே எடுத்திருப்பேன். ஆனால் உள்ளே போனபிறகுதான் இதைவிடப் பெரிய பயன் தெரிந்தது: உடைந்த வரியை வாசகருக்கு முன்பே நான் கண்டுபிடிக்க முடிகிறது.

நான் பயன்படுத்துவது எம்டிபுக். மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதிய அத்தியாயங்களைப் புத்தக வடிவ வலைத்தளமாக்கித் தரும் கருவி. அத்தியாயத்துக்குள் நான் நிரல் எதையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு எடுத்துக்காட்டும் தனி எல்ம் கோப்பாக ஒரு கோப்புறையில் இருக்கிறது. கோப்பில் தேவையான வரிகளுக்கு மேலும் கீழும் குறிப்புரையாக ஓர் அடையாளம் வைத்துவிட்டால், அந்தத் துண்டை மட்டும் எம்டிபுக் அத்தியாயத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஆக, வாசகர் காண்பதும் கம்பைலர் காண்பதும் ஒரே வரி. எம்டிபுக்கோடு வரும் சோதனைக் கட்டளை ரஸ்ட் என்ற மொழியின் நிரல்களுக்கு மட்டுமே என்பதால், எல்லாக் கோப்புகளையும் எல்ம் கம்பைலரிடம் வரிசையாகக் கொடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதினேன். புத்தகக் கோப்புகள் இருக்கும் ரிப்போவில் ஒரு எழுத்து மாறினாலும் அது ஓடும். எது மாறாவிட்டாலும் வாரம் ஒரு முறை ஓடும். ஒரு கோப்பு கம்பைல் ஆகவில்லை என்றால் புத்தகம் வெளியாகாது.

இதற்கு எல்மே தோள் கொடுக்கிறது. எல்ம்.ஜேசனில் ஒவ்வொரு தொகுப்பின் துல்லியமான வெர்ஷனும் பதிவாகிறது, மறைமுகமாக வருபவைகூட. ஒரு தொகுப்பின் வெளிப்புற வடிவம் உடையும்படி மாறினால், அதை எழுதியவர் மறந்தாலும் எல்ம் விடாது. வெர்ஷனின் முதல் எண்ணை உயர்த்தித்தான் வெளியிட வேண்டும். அதனால் எந்த அத்தியாயத்தைத் தொட வேண்டியிருக்கும் என்பதை எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எந்த மொழிக்கு எழுதினாலும் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கம்பைலரால் பிடிக்க முடியாதவையும் இருக்கின்றன. நிறுவும் வழிமுறை, எடிட்டர் மென்பொருளின் அமைப்பு, வெளி இணைப்புகள், திரையைப் பிடித்த படங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எதுவும் நிறுவாத கணினி ஒன்றில் முதல் அத்தியாயத்தை வரி வரியாகச் செய்து பார்க்கிறேன். ஒரு மதியம் போய்விடும். திரையைப் படம்பிடித்துப் போட்ட இடங்களையெல்லாம் எழுத்தாக மாற்றிவிட்டேன், ஏனென்றால் முதலில் பழசாவது படம்தான். சீக்கிரம் மாறுபவற்றை எல்லாம் இரண்டு அத்தியாயங்களுக்குள் ஒதுக்கிவைத்திருக்கிறேன். டைப்புகள், கேஸ், மேபி, மாடல்-அப்டேட்-வியூ என்ற முக்கோணம் ஆகியவை 0.17 முதல் பெரிதாக அசையவில்லை. அந்த அத்தியாயங்களில் தொகுப்பின் பெயர்கூட வராமல் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பிரிப்பை அச்சுப் புத்தகத்திலும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இணையப் புத்தகத்தில் நான் இழந்தது பதிப்பகத்தின் எடிட்டரை. வாசகர்கள் புல் ரிக்வெஸ்ட் (தாங்களே செய்த திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புகிறார்கள், எழுத்துப்பிழையும் உடைந்த இணைப்பும் உடனே சரியாகின்றன. 'இந்த அத்தியாயமே தவறான இடத்தில் இருக்கிறது' என்று ஒருவரும் அனுப்பியதில்லை. அதற்குக் கூலி கொடுத்து ஒருவரைப் படிக்கச் சொல்ல வேண்டும் அல்லது நல்ல நண்பர் வேண்டும். இன்னொன்று, தேடலிலிருந்து வருபவர் நேராக எட்டாம் அத்தியாயத்தில் வந்து இறங்குகிறார். முந்தைய ஏழும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் 'இதற்கு முன் இவை தெரிந்திருக்க வேண்டும்' என்று இரண்டு வரி சேர்த்தபிறகு, தொடர்பில்லாத கேள்விகள் குறைந்தன.

உங்கள் மொழி 1.0 என்ற முதல் நிலையான வெர்ஷனைத் தொட்டு, பழைய நிரல்களை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தால் என் வாதத்தில் பாதி போய்விடும். கோ மொழி 2012இலும் ரஸ்ட் 2015இலும் அப்படிச் சொல்லித்தான் வந்தன. சிறிய மொழிகளில் க்ளீம் 2024இல் 1.0 ஆனது. அப்படிப்பட்ட மொழிக்கு நல்ல எடிட்டரோடு பதிப்பகம் கிடைத்தால் நானே யோசிப்பேன். ரஸ்டின் அதிகாரப்பூர்வப் புத்தகம் எம்டிபுக்கில் இலவசமாகவும், நோ ஸ்டார்ச் பிரஸ் வழியாக அச்சிலும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதன் பின்னால் பெரிய சமூகம் இருக்கிறது. ஒற்றை ஆளாகச் சிறிய மொழிக்கு எழுதுபவருக்கும் பதிப்பகம் அதே ஏற்பாட்டுக்குச் சம்மதிக்குமா என்பதை நான் கேட்டுப் பார்க்கவில்லை.

தாளில்தான் படிப்பேன் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக முழுப் புத்தகத்தையும் ஒரே பக்கமாக அச்செடுக்கும் வசதியை விட்டுவைத்திருக்கிறேன், எம்டிபுக்கிலேயே அது உண்டு. அதன் முதல் பக்கத்தில் எல்ம் வெர்ஷனும் தேதியும், அதற்குக் கீழே ஒரு வரியும் வரும்: "இதில் உள்ள நிரல் ஓடவில்லை என்றால், முதலில் இணையத்தில் உள்ள அதே பக்கத்தைப் பாருங்கள், தவறு உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம்."