ஜப்பானியமா, ஜெர்மனா: எது சீக்கிரம் கைவரும்?

ஆங்கிலம் பேசுபவருக்கு ஜப்பானியம் வசப்பட 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகத்தின் கணக்கு. ஜெர்மனுக்கு அதில் பாதிகூட வேண்டாம். தமிழருக்கு இது அப்படியே பொருந்தாது. ‘நான் சென்னைக்குப் போகிறேன்’ என்பது ஜப்பானியத்தில் ‘வாதாஷி வா சென்னை நி இகிமாஸ்’. ‘க்கு’ வரும் இடத்தில் ‘நி’, கடைசியில் வினைச்சொல். நம் வாக்கியத்தைப் புரட்டிப் போட வேண்டியதே இல்லை, அதனால் பேச்சு சீக்கிரம் பிடிபடும். படிப்பதுதான் கஷ்டம்: பொதுப் பயன்பாட்டுக்கென்று வகுத்த கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) மட்டுமே 2,136. வருடங்கள் அங்கேதான் கரையும்.

ஜெர்மன் எழுத்து சில நாளில் முடிந்துவிடும். அப்புறம் பால் வேறுபாடு படுத்தும். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ அங்கே அஃறிணை மாதிரி! ஜெர்மனியில் மேற்படிப்பு என்றால் சரி, ஜெர்மன். பேசத்தான் ஆசை என்றால் என் ஓட்டு ஜப்பானியத்துக்கே.