கிட்இக்னோரா, எக்ஸ்க்ளூடா?

பாளையங்கோட்டையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பஸ் டைம் ஆப் எழுதிக்கொண்டிருந்தோம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட் (Git) என்ற கருவி. அது எதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம் என்று பட்டியல் போடும் கோப்புதான் கிட்இக்னோர் (.gitignore). ஒருநாள் தம்பி கேட்டான்: "அண்ணாச்சி, ஒங்க 'அல்வா' ஃபோல்டர எதுக்கு கிட்இக்னோர்ல போட்டிருக்கிய?" நியாயமான கேள்விதான். அது என் கிறுக்கல்கள் கிடக்கும் ஃபோல்டர். மற்றவர்களுக்கு அதோடு சம்பந்தமே இல்லை.

கிட்இக்னோர் கோப்பும் வழக்கமாக கமிட் ஆகும், அதாவது கோடோடு சேர்ந்து பதிவாகும். ரெப்போவை (கோடும் அதன் பதிவுகளும் இருக்கும் இடம்) க்ளோன் செய்கிற, அதாவது நகலெடுக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரும். அதனால் நோட் மாட்யூல்ஸ் (node_modules), பில்ட் (build) மாதிரி எல்லார் கணினியிலும் முளைக்கிற ஃபோல்டர்களுக்கு அதுதான் இடம். பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் ஃபோல்டரை மட்டும் பிடிக்கும். அதே பெயரில் கோப்பு இருந்தால் விட்டுவிடும்.

எக்ஸ்க்ளூட் இன்னொரு பட்டியல் கோப்பு, டாட் கிட் ஃபோல்டருக்குள்ளே இன்ஃபோவில் இருக்கிறது (.git/info/exclude). எழுதும் முறை அதேதான், ஆனால் புஷ் ஆகாது, நம் கணினியை விட்டு வெளியே போகாது. என் அல்வா இப்போது அங்கேதான். புதிதாக க்ளோன் செய்தால் திரும்ப எழுத வேண்டும், சரி, பரவாயில்லை.

ஏற்கெனவே கமிட் ஆன ஃபோல்டர் என்றால் இரண்டாலும் மறைக்க முடியாது. கிட் ஆர்எம் கட்டளையை ஆர், கேஷ்ட் தெரிவுகளோடு ஓட்டினால் (git rm -r --cached) டிராக்கிங் மட்டும் போகும், அதாவது கிட் அதைக் கவனிப்பதை நிறுத்தும். நம் ஃபோல்டர் அப்படியே இருக்கும். ஆனால் அதை கமிட் செய்து புஷ் செய்த பின், அந்த கமிட்டை புல் செய்து இறக்கிக்கொள்கிறவர் கணினியில் அது அழிந்துவிடும். தம்பியிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.